'ஐ சென்ட்', 'ஐ ஹேவ் சென்ட்', 'ஐ ஹேட் சென்ட்': ஆங்கிலத்தில் எழுதும்போது எதைத் தேர்வது?

ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலையோ விண்ணப்பத்தையோ புகார்க் கடிதத்தையோ எழுதுகிற தமிழர், நடந்து முடிந்த ஒன்றைச் சொல்ல வரும் ஒவ்வொரு முறையும் மூன்று வினை அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். படிவத்தை அனுப்பியதைச் சொல்ல 'ஐ சென்ட் தி ஃபார்ம்' என்று எழுதலாம். 'ஐ ஹேவ் சென்ட் தி ஃபார்ம்' என்று எழுதலாம். 'ஐ ஹேட் சென்ட் தி ஃபார்ம்' என்றும் எழுதலாம். மூன்றுமே இலக்கண வழு இல்லாத வாக்கியங்கள். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இவற்றைப் படிக்கும்போது மூன்று வெவ்வேறு செய்திகளைப் பெறுகிறார். முதல் வாக்கியம் அவருக்கு ஒரு நிகழ்ச்சியைத் தெரிவிக்கிறது. இரண்டாவது, படிவம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிவிக்கிறது. மூன்றாவதைப் படித்ததும், அனுப்பிய பிறகு வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும், அடுத்த வாக்கியத்தில் அது வரும் என்று அவர் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்.

நம் பள்ளிகளில் இவை சிம்பிள் பாஸ்ட், பிரசன்ட் பெர்ஃபெக்ட், பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்ற பெயர்களில், வினையின் மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்யும் பாடமாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. 'கோ, வெண்ட், கான்' என்று தடையின்றி ஒப்பிக்கக்கூடிய ஒருவர், வெண்ட் வர வேண்டிய இடத்தில் ஹேவ் கான் என்று எழுதுகிறார் என்றால் அதற்கு வடிவம் தெரியாதது காரணம் அல்ல. இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கான அளவுகோல் அவருக்குச் சொல்லித் தரப்படவில்லை என்பதே காரணம். வடிவத்தைக் கற்பிக்கச் செலவாகும் நேரத்தில் பாதியையாவது இந்தத் தேர்வுக்குக் கொடுத்தால், நம்மவர் எழுதும் ஆங்கிலத்தின் நிறமே மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பரவலாகப் புழங்கும் ஓர் அளவுகோலை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். சற்று முன் நடந்தது என்றால் ஹேவ், எப்போதோ நடந்தது என்றால் தனி இறந்தகாலம் (சிம்பிள் பாஸ்ட்) என்று பலர் கொள்கிறார்கள். ஐந்து நிமிடங்களுக்கு முன் அனுப்பிய படிவத்தைப் பற்றி 'ஐ சென்ட் இட் ஃபைவ் மினிட்ஸ் அகோ' என்றுதான் எழுத வேண்டும். அங்கே ஹேவ் வரவே வராது. மாறாக, மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக நெருப்பைப் பயன்படுத்தி வருகிறார்கள் என்பதற்கு 'ஹேவ் யூஸ்ட்' என்ற அமைப்புதான் பொருந்தும். ஆக, நிகழ்ச்சி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது இந்தத் தேர்வைத் தீர்மானிப்பதில்லை.

தீர்மானிப்பது எது என்பதைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர்களில் ஒருவர் ஹன்ஸ் ரைஷன்பாக். தத்துவ அறிஞரான அவர் 1947இல் வெளியிட்ட தருக்க நூலில், ஆங்கில வினைக்காலங்களை விளக்க மூன்று புள்ளிகள் வேண்டும் என்றார்: பேசும் நேரம், நிகழ்ச்சி நடந்த நேரம், எந்த நேரத்தில் நின்றுகொண்டு அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறோம் என்ற நோக்கு நேரம். 'ஐ சென்ட்' என்னும்போது எழுதுபவர் அனுப்பிய அந்த நேரத்துக்கே போய் நின்று பார்க்கிறார். 'ஐ ஹேவ் சென்ட்' என்னும்போது நிகழ்காலத்தில் நின்றபடி பின்னால் திரும்பிப் பார்க்கிறார். 'ஐ ஹேட் சென்ட்' என்னும்போது கடந்த காலத்தின் ஒரு புள்ளியில் நின்று, அதற்கும் முன்னால் நடந்ததைப் பார்க்கிறார். நிகழ்ச்சி மூன்றிலும் ஒன்றே. பார்ப்பவர் நிற்கும் இடம்தான் வேறு. இந்த ஒரு கேள்வியை, அதாவது என் வாக்கியம் எங்கே நின்று பேசுகிறது என்பதை, எழுதுமுன் கேட்டுக்கொள்கிறவருக்கு மற்ற விதிகளில் பெரும்பாலானவை தாமாகவே வந்து சேரும்.

1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கியதும் நீல் ஆம்ஸ்ட்ராங் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்ன செய்தி 'தி ஈகிள் ஹேஸ் லேண்டட்' என்பது. அவருடைய நோக்கு நேரம் அந்தக் கணம். ஈகிள் என்ற அந்தக் கலம் தரையில் நிற்கிறது என்ற நிலையைத்தான் அவர் அறிவித்தார். அதே நிகழ்ச்சியை இன்று எழுதும் எவரும் 'தி ஈகிள் லேண்டட் ஆன் 20 ஜூலை 1969' என்றே எழுதுவார். ஹேவ் என்ற சொல் இங்கே வந்தது தற்செயலும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்த அமைப்பு உடைமையைக் குறித்தே தொடங்கியது: 'பிடிக்கப்பட்ட மீனை நான் வைத்திருக்கிறேன்' என்பது போன்ற பொருளில், ஹேவ் முழு வினையாகவும், பின்னால் வரும் எச்சம் மீனுக்கு அடைமொழியாகவும் இருந்தது. பிற்காலத்தில் ஹேவ் துணைவினையாகித் தேய்ந்தாலும், கையில் இப்போது இருக்கிறது என்ற நிகழ்காலச் சாயலை அது விட்டுவிடவில்லை. போதல், வருதல், எழுந்திருத்தல் போன்ற வினைகளுக்கு ஹேவ் இல்லாமல் 'இஸ்' வந்த பழக்கமும் நெடுங்காலம் இருந்தது. 1611இன் ஆங்கில விவிலியத்தில் 'ஹி இஸ் ரிசன்' என்று இருப்பதும், இன்றும் 'ஹி இஸ் கான்' என்று சொல்வதும் அதன் எச்சங்கள்.

நோக்கு நேரம் நிகழ்காலத்தில் இருப்பதால்தான் ஹேவ் அமைப்பு, முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொற்களை ஏற்பதில்லை. நேற்று, போன வாரம், 2016இல், இரண்டு மாதங்களுக்கு முன், சிறுவயதில் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் எது வாக்கியத்தில் இருந்தாலும் தனி இறந்தகாலமே வரும். இப்படி ஏன் இருக்க வேண்டும் என்று மொழியியலாளர்களே வியந்திருக்கிறார்கள். வுல்ஃப்காங் கிளைன் 1992இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் புதிர்' என்றே தலைப்பிட்டார். நிகழ்ச்சி கடந்த காலத்தில் நடந்தது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியம், எப்போது நடந்தது என்று சொல்ல மட்டும் ஏன் மறுக்கிறது என்பதே அந்தப் புதிர். பிரெஞ்சிலும் தென் ஜெர்மனியின் பேச்சிலும் இதே தோற்றம் கொண்ட அமைப்பு அந்தத் தடையைக் கடந்து, பேச்சில் சாதாரண இறந்தகாலத்தின் இடத்தையே பிடித்துவிட்டது. ஆங்கிலம் அந்த வழியில் போகவில்லை.

தமிழர் இந்த இடத்தில் இடறுவதற்குத் தமிழே காரணம், அது நம் மொழியின் குறையும் அல்ல. நம்மிடம் 'இரு' என்ற துணைவினை இருக்கிறது; 'உள்' என்பதும் இருக்கிறது. 'பார்த்திருக்கிறேன்', 'அறிவித்துள்ளது' என்பவை மேலோட்டமாக ஹேவ் அமைப்பைப் போலவே தோன்றும். ஆனால் இவை நேரச் சொற்களைத் தயக்கமின்றி ஏற்கும். 'அந்தப் படத்தை 2010இலேயே பார்த்திருக்கிறேன்' என்பது நல்ல தமிழ். 'அமைச்சர் நேற்று தெரிவித்துள்ளார்' என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. காலையில் கதவைத் திறந்து, நனைந்து கிடக்கும் தெருவைப் பார்த்ததும் 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். அங்கே 'இரு' ஊகத்தையே குறிக்கிறது. இந்த மூன்றையும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் மூன்றுமே பிழையாகும். படம் பார்த்ததற்கு, ஆண்டைச் சொன்னால் 'ஐ சா', சொல்லாவிட்டால் 'ஐ ஹேவ் சீன்'. அமைச்சர் நேற்று சொன்னதற்கு 'செட்' மட்டுமே. மழைக்கு 'மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்' என்று ஊகத்தைத் தனியே சொல்ல வேண்டும்; அப்படி மஸ்ட் முன்னால் வந்துவிட்டால், ஹேவ் இருந்தும் 'லாஸ்ட் நைட்' என்ற நேரச் சொல் எந்தத் தடையும் இன்றி உடன் வருகிறது.

இந்த இடறல் அதிகமாகத் தென்படும் இடம் தன்விவரக் குறிப்பு. 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2016' என்ற வாக்கியத்தை நம் நாட்டு விண்ணப்பங்களில் அடிக்கடி காணலாம். எழுதுபவர் பட்டம் தம்மிடம் இருக்கிறது என்பதையும், அது எந்த ஆண்டில் கிடைத்தது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்க்கிறார். ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. ஆண்டு முக்கியம் என்றால் 'கம்ப்ளீட்டட் இன் 2016'. தகுதி முக்கியம் என்றால் ஆண்டை விட்டுவிட்டு 'ஹேவ் கம்ப்ளீட்டட்'. தன்விவரக் குறிப்பில் ஆண்டுகள் எப்படியும் இருந்தே தீரும் என்பதால், அங்கே தனி இறந்தகாலமே பெரும்பாலும் சரியான தேர்வு. உடன் அனுப்பும் கடிதத்தில், மூன்று நிறுவனங்களில் கணக்குப் பிரிவை நிர்வகித்த அனுபவம் எனக்கு உண்டு என்று சொல்லும்போது ஹேவ் அமைப்பு தன் முழு வலிமையோடு நிற்கும். அந்த வாக்கியத்துக்கு ஆண்டு தேவையில்லை, அனுபவம் இப்போது எழுதுபவரிடம் இருப்பதுதான் செய்தி.

இதே குறிப்பில் இன்னொரு வாக்கியமும் வரும்: 2018 முதல் இங்கே வேலை செய்கிறேன். தமிழில் வினை நிகழ்காலத்தில் இருக்கிறது. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அப்படியே. அதனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018' என்று எழுதத் தோன்றுவது இயல்பு. ஆங்கிலத்தில் தொடக்கம் கடந்த காலத்தில் இருந்து, தொடர்ச்சி இன்றுவரை வந்தால் ஹேவ் தவிர வேறு வழி கிடையாது: 'ஐ ஹேவ் வொர்க்ட்' அல்லது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்'. இந்த இரண்டுக்கும் இடையே, வேலை செய்தல் போன்ற வினைகளில், பெரிய வேறுபாடு இல்லை. ஹேவ் இல்லாமல் 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால், அந்த வேலையை விட்டாகிவிட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேலையில் இருக்கும் ஒருவர் இதைக் கவனிக்காமல் எழுதினால், நேர்காணலில் அவர் தேவையற்ற கேள்விக்குப் பதில் சொல்ல நேரிடும்.

ஹேவ் அமைப்பின் இன்னொரு பயன், விளைவு இன்னும் நீடிக்கிறது என்பதைச் சொல்வது. அன்றாட எழுத்தில் இதுவே மிகுதியாகப் பயன்படும் இடம் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கார்ட்' என்று வங்கிக்கு எழுதினால் அட்டை இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். 'ஐ லாஸ்ட் மை கார்ட்' என்று மட்டும் எழுதினால் தொலைத்த நிகழ்ச்சி தெரிகிறது. பிறகு கிடைத்ததா என்பதை வாக்கியம் சொல்லவில்லை. 'ஹி ஹேஸ் கான் டு டெல்லி' என்றால் அவர் இப்போது ஊரில் இல்லை. 'ஹி ஹேஸ் பீன் டு டெல்லி' என்றால் போய்த் திரும்பியவர், டெல்லி அவருக்குத் தெரிந்த ஊர். 'ஹி வெண்ட் டு டெல்லி' என்றால் போன செய்தி மட்டும். அலுவலகத்தில் ஒருவரைத் தேடி வந்தவருக்கு எழுதும் பதிலில் இந்த மூன்றில் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து, அவர் காத்திருப்பதா திரும்பிப் போவதா என்பதே மாறும். கணினிச் செய்திகளிலும் இந்த அமைப்பு நிறைந்திருப்பதற்கு இதுதான் காரணம்: கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது, கோப்பு சேமிக்கப்பட்டுவிட்டது என்பவற்றை 'ஹேஸ் பீன் சேஞ்ச்ட்', 'ஹேஸ் பீன் சேவ்ட்' என்று அறிவிக்கிறார்கள். எப்போது என்பது அங்கே யாருக்கும் தேவையில்லை. இப்போதைய நிலைதான் தேவை. தமிழில் இந்த வேலையை 'இரு'வைவிட 'விடு' என்ற துணைவினையே நன்றாகச் செய்கிறது. அனுப்பிவிட்டேன், வந்துவிட்டார், முடிந்துவிட்டது என்று மனத்தில் தோன்றும் இடத்தில் ஹேவ் எழுதுவது பெரும்பாலும் சரியாக அமையும் என்பது என் அனுபவம். நேரச் சொல் உடன் வராத வரையில்தான்.

எழுவாய் யார் என்பதும் தேர்வைப் பாதிக்கிறது. ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனுக்கு வந்திருக்கிறார் என்பதை ஹேவ் அமைப்பில் சொன்னால் அவர் உயிரோடு இருப்பதாகத் தொனிக்கும் என்பது மொழியியலாளர்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் எடுத்துக்காட்டு. நம் ஊர்ப் பள்ளிகளின் அறிமுக மடல்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று காலமானார். அதற்கு முன் அச்சிட்ட மடலில் 'டாக்டர் கலாம் ஹேஸ் விசிட்டட் அவர் ஸ்கூல்' என்று இருந்தது பிழையல்ல. இன்றைய மடலில் 'விசிட்டட்' என்று மாற்ற வேண்டும். பள்ளியை எழுவாயாக்கி, கலாம் உள்ளிட்ட அறிஞர்கள் பலரின் வருகையைப் பெற்ற பள்ளி எங்களுடையது என்று செயப்பாட்டில் எழுதினால் 'ஹேஸ் பீன் விசிட்டட்' இன்றும் நிற்கும், ஏனென்றால் பள்ளி இருக்கிறது. இரங்கற் குறிப்புகளையும் நினைவு மலர்களையும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த நுட்பத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மறைந்தவரின் வாழ்க்கைச் செயல்களை ஹேவ் கொண்டு எழுதுவது, குடும்பத்தாரும் நண்பர்களும் படிக்கும் பக்கத்தில் சங்கடமான பிழையாக நிற்கும்.

செய்தி எழுத்தில் இரண்டு அமைப்புகளும் அடுத்தடுத்து வந்து வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. பிரிட்டனின் செய்தி மரபில் முதல் வாக்கியம் ஹேவ் அமைப்பில் வரும்: அரசு புதிய வரியை அறிவித்திருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் நாளும் இடமும் வந்தவுடன் வினை இறந்தகாலத்துக்கு இறங்கும்: நிதியமைச்சர் செவ்வாய்க்கிழமை நாடாளுமன்றத்தில் பேசினார். தலைப்போ வெறும் நிகழ்காலத்தில் இருக்கும். இந்த இறக்கம் ஒருமுறை நிகழ்ந்தபின், விவரங்கள் முழுவதும் இறந்தகாலத்திலேயே தொடரும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஹேவ் வருவதில்லை. தமிழ்ச் செய்தியை ஆங்கிலமாக்கும்போது தெரிவித்துள்ளார், கூறியுள்ளார், வலியுறுத்தியுள்ளார் என்று வரிசையாக வருபவற்றை எல்லாம் 'ஹேஸ் ஸ்டேட்டட்', 'ஹேஸ் செட்', 'ஹேஸ் அர்ஜ்ட்' என்று மாற்றிக்கொண்டே போவதால்தான் மொழிபெயர்ப்பு என்பது முதல் பத்தியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. முதல் வாக்கியத்தில் மட்டும் ஹேவ் வைத்து, மற்றவற்றை இறந்தகாலத்தில் விடுவதே நல்ல தேர்வு. அமெரிக்க நாளிதழ்கள் முதல் வாக்கியத்திலேயே கிழமையைச் சேர்த்துவிடுவதால், அங்கே தொடக்கமும் பெரும்பாலும் தனி இறந்தகாலமாகவே இருக்கும்.

அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு மின்னஞ்சல்களிலும் தெரியும். இப்போதுதான், ஏற்கனவே, இன்னும் என்ற பொருளில் வரும் ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகிய சொற்களோடு பிரிட்டன்காரர் ஹேவ் எழுதுவார். அமெரிக்கர் இறந்தகாலத்தையும் தாராளமாக எழுதுவார். 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பது பிரிட்டனில். 'டிட் யூ ஈட் யெட்?' என்பது அமெரிக்காவில். இரண்டும் அந்தந்த நாட்டில் சரியானவை. சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்பவர் 'ஐ ஆல்ரெடி சென்ட் இட்' என்று எழுதினால் அதைப் பிழை என்று திருத்த வேண்டியதில்லை. லண்டன் அலுவலகத்துக்கு எழுதும்போது 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்' என்றால் கூடுதல் பொருத்தம். ஹேவ் அமைப்பு அமெரிக்கரின் காதுக்கும் எந்த உறுத்தலையும் தராது என்பதால், யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாதபோது இந்த மூன்று சொற்களோடு ஹேவ் எழுதுவதே பாதுகாப்பானது. கேள்விகளில் இன்னொரு நுட்பம் உண்டு. என் கடிதம் கிடைத்ததா என்று 'டிட் யூ ரிசீவ்' போட்டுக் கேட்பதைவிட 'ஹேவ் யூ ரிசீவ்ட்' என்று கேட்பது சற்றே மென்மையானது. கிடைக்காவிட்டாலும் இனிக் கிடைக்கலாம் என்ற இடம் அதில் இருக்கிறது. பதில் தரத் தாமதிக்கும் மேலதிகாரிக்கு எழுதும்போது இந்த மென்மை உதவும்.

எண்ணிக்கை அளவில் பார்த்தால் மூன்றும் சமமானவை அல்ல. மொழியியலாளர் டக்ளஸ் பைபரும் அவருடைய குழுவினரும் பெரும் எழுத்து, பேச்சுத் தொகுப்புகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தின்படி, வினைத்தொடர்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, ஹேவ் அமைப்போ 'இங்' ஈற்றுத் தொடர் அமைப்போ இல்லாத எளிய வடிவங்கள். ஹேவ், ஹேட் இரண்டும் எஞ்சியதிலிருந்து ஒரு பங்கைத்தான் பெறுகின்றன. நம்மவர் எழுதும் கடிதம் ஒன்றில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஹேவும் ஹேட்டும் வந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருந்தாலும், கடிதம் முழுமையும் இயல்பற்று ஒலிப்பது இதனால்தான். உறுதியாகத் தெரியாத இடத்தில் தனி இறந்தகாலத்தையே தேர்வது நல்லது என்று நான் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

ஹேட் அமைப்பைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது. மூன்றில் மிகக் குறைவாகத் தேவைப்படுவது அதுவே. நம் நாட்டு ஆங்கிலத்திலோ அது தேவைக்கு மேல் பெருகிக் கிடக்கிறது. 'ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்', 'ஐ ஹேட் ரிட்டன் டு யூ ஆன் 5 மார்ச்' என்பவை நாள்தோறும் கண்ணில் படுபவை. இதன் பின்னாலும் தமிழ் இருக்கிறது. 'போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்' என்று நாம் சொல்லும்போது, போய்விட்டுத் திரும்பிவிட்டேன் என்பதும், அது முடிந்துபோன விஷயம் என்பதும் அந்த 'இருந்தேன்' என்ற சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. ஆங்கில ஹேட் அந்தப் பொருளைத் தருவதில்லை. கடந்த காலத்தில் ஏற்கனவே ஒரு புள்ளி நிறுவப்பட்டிருக்க வேண்டும்; அதற்கு முன்னால் நடந்ததையே ஹேட் சொல்லும். அந்தப் புள்ளி இல்லாமல் வரும் ஹேட், படிப்பவரைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. மதுரைக்குப் போனதற்கு 'வெண்ட்' போதும். மார்ச் 5ஆம் தேதி எழுதியதற்கு 'ரோட்' போதும். பணிவு கூடும் என்று கருதி அலுவலகக் கடிதங்களில் ஹேட் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பணிவு அதில் கூடுவதில்லை, குழப்பமே கூடுகிறது.

ஆனால் ஹேட் தவிர்க்க முடியாததாகும் இடங்களும் உண்டு. 'வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்றால் நாங்கள் போனபோது ரயில் இல்லை. அதில் ஹேட்டை எடுத்துவிட்டு 'தி ட்ரெயின் லெஃப்ட்' என்றால் நாங்கள் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது என்றாகிவிடும். நடந்த வரிசையைப் புரட்டிச் சொல்லும்போதும், நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து இஃப் போட்டுச் சொல்லும்போதும் ஹேட் வேண்டும். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் அதற்கு வேலை இல்லை; ஆஃப்டர், பிஃபோர் போன்ற சொற்கள் வரிசையைக் காட்டிவிட்டால் அப்போதும் பெரும்பாலும் தேவையில்லை.

இந்தத் தேர்வுகள் ஒரே கடிதத்தில் எப்படி அமைகின்றன என்பதற்கு, தொலைந்த அட்டையைப் பற்றி வங்கிக்கு எழுதுவதையே எடுத்துக்கொள்ளலாம். அட்டை தொலைந்துவிட்டது என்ற முதல் வாக்கியம் 'ஐ ஹேவ் லாஸ்ட்'. அட்டை இன்னும் கையில் இல்லை என்பதுதான் கடிதத்தின் காரணம். கடைசியாக அதை ஜூன் 3 அன்று ஒரு பெட்ரோல் நிலையத்தில் பயன்படுத்தினேன் என்பது 'யூஸ்ட்', நாள் வந்துவிட்டது. அன்று மாலையே உதவி எண்ணை அழைத்தேன் என்பதும் அப்படியே 'கால்ட்'. அட்டை முடக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்னும்போது, முடக்கியது அவர்கள் சொன்னதற்கு முந்திய செயல் என்பதால் 'ஹேட் பீன் பிளாக்ட்' இங்கே சரியான இடத்தில் வருகிறது. ஜூன் 5 அன்று கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது என்பது 'வாஸ் டெபிட்டட்'. வங்கிகளிடமிருந்து நமக்கு வரும் குறுஞ்செய்திகளில் 'இஸ் டெபிட்டட்' என்று இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் அதையே கடிதத்திலும் எழுதிவிடக்கூடும். நாள் குறிப்பிடும் வாக்கியத்தில் அது பொருந்தாது. புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது 'ஐ ஹேவ் நாட் யெட் ரிசீவ்ட்'. இங்கே 'டிட் நாட் ரிசீவ்' என்று எழுதினால், எதிர்பார்த்த காலம் முடிந்துபோனது, இனி அதைக் கேட்கவில்லை என்பதுபோல் தொனிக்கும். கணக்கு அறிக்கையை இணைத்துள்ளேன் என்பது 'ஐ ஹேவ் அட்டாச்ட்'. படிப்பவர் கடிதத்தைத் திறக்கும் நேரத்தில் அது அங்கே இருக்கும்.

அதே ஆள் இரண்டு வாரம் கழித்து நினைவூட்டுக் கடிதம் எழுதும்போது, முதல் கடிதத்தில் ஹேவ் பெற்ற வாக்கியங்கள் இடம் மாறும். அட்டை தொலைந்தது இப்போது நாளுடன் சொல்லப்படும் பழைய செய்தி என்பதால் 'லாஸ்ட்' என்றும், முன்பு எழுதிய கடிதம் 'ரோட்' என்றும், அதனோடு அறிக்கையை இணைத்தது 'அட்டாச்ட்' என்றும் இறந்தகாலத்துக்கு இறங்கிவிடும். பதில் வரவில்லை என்ற வாக்கியம் மட்டும் முதல் கடிதத்தில் இருந்தபடியே ஹேவோடு இருக்கும்.